ஸ்பிரிங்குக்குக் கை வைத்தியம்

போன மாதம் ஒரு நாள் காலை நடையை முடித்துவிட்டு வழக்கமான டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். நான்கு பேர், நான்கு பேரும் பென்ஷன்காரர்கள். சர்க்கரை அளவு, முழங்கால் வலி, பேரப்பிள்ளைகளின் படிப்பு என்று போய்க்கொண்டிருந்த பேச்சில் ஓர் அண்ணாச்சி குறுக்கே புகுந்து, தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். யாரோ ஓர் ஆள் வீட்டு வாசலில் காரை ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு, முன்சக்கரத்து ஸ்பிரிங்கைக் கயிறு போட்டுக் கட்டி, தனிக் கருவி எதுவும் இல்லாமல் கழற்றி மாட்டுகிறான். எட்டு நிமிஷப் படம். பின்னணியில் பாட்டு வேறு.

"பாத்தியளா சார்? இதுக்குப் போயி பட்டறைக்காரன் ரெண்டாயிரம் கேக்கான். வார ஞாயித்துக்கிழமை நானே மாத்திரப் போறேன். நீங்க சும்மா கூட நின்னாப் போதும்."

அண்ணாச்சி துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய மாருதி 800 பத்துப் பதினைந்து வருஷம் தூத்துக்குடியில், முத்தையாபுரத்து உப்பளக் காற்றில் நின்ற வண்டி. ஓய்வு பெற்று கயத்தாறுக்கு வந்தபோது அவரோடு அதுவும் வந்தது. இப்போது இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டங்' என்று ஒரு சத்தம். அது ஏன் என்று பார்க்காமலே சொல்லலாம். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, கிண்ணத்தில் உட்காரும் இடத்தில், துருப்பிடித்து ஒடிந்திருக்கும். அந்த இடத்தில்தான் தண்ணீரும் மண்ணும் தங்கும். பெயிண்ட் உரிந்து, உப்பு ஏறி, ஒரு நாள் வேகத்தடையில் விழும்போது 'படக்'கென்று போகும். கடலோரத்து வண்டிகளுக்கு இது சகஜம்.

நான் "வேண்டாம்" என்றேன். அவ்வளவுதான், மற்ற மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். "வாத்தியாரே இப்பிடிப் பயந்தா எப்பிடி?" என்றார் ஒருவர். "அந்தக் காலத்துல நாம என்ன கருவிய வச்சுக்கிட்டு வேல பாத்தோம்? ஒரு ஜாக்கி, ஒரு கடப்பாரை, ஒரு கயிறு. அதுல லாரியவே பிரிச்சிப் போட்டோம்லா?" என்றார் இன்னொருவர். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். டீக்கடையில் வைத்துச் சொல்ல முடியாத விஷயம் ஒன்று அதில் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் முப்பது வருஷம் மோட்டார் மெக்கானிக் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன். வீட்டில் வைத்து வண்டி வேலை பார்க்காதே என்று சொல்லுகிற ஆள் நான் அல்ல. இந்த வயதிலும் என் வண்டிக்கு ஆயில் நான்தான் மாற்றுகிறேன். பிளக், பிரேக் ஷூ, ஃபேன் பெல்ட், கேபிள் எல்லாம் வாசல் திண்ணையில் வைத்தே செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் பட்டறைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்து எரிச்சல் படுகிறவன்தான் நானும். ஆனால் சுருள் ஸ்பிரிங் வேறு சாதி. நம் வயதுக்காரர்களுக்கு அது தெரியாது என்பதுதான் என் வழக்கு. தெரியாது என்பது கூடப் பெரிய விஷயம் இல்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

நாம் கை பழகியது பட்டையில். லாரி, பஸ், ஜீப், அம்பாசடரின் பின்பக்கம் எல்லாம் பட்டைதான். பட்டையில் ஒரு நல்ல குணம் உண்டு. சேஸிஸைத் தாங்கி, ஆக்ஸிலைத் தனியாகத் தாங்கி, பாரத்தை எடுத்துவிட்டால் அது தன் இயல்பான வளைவுக்கு வந்துவிடும். யு போல்ட்டைத் தளர்த்தினால் சத்தமில்லாமல் இறங்கும். கடப்பாரையால் நெம்பலாம், சுத்தியலால் தட்டலாம், பொறுத்துக்கொள்ளும். அதில்கூடப் பட்டைகளை ஒன்றாகப் பிடித்திருக்கும் நடு போல்ட்டைக் கழற்றும்போது விவரமான ஆள் ஒரு கிளாம்ப் போட்டுக்கொள்வான்.

சரி, முன்பக்கம்? "அம்பாசடர் முன்பக்கத்த நானே இறக்கியிருக்கேன்" என்று அண்ணாச்சி மார் தட்டினார். இறக்கியிருப்பார், நம்புகிறேன். ஆனால் நம் காலத்து அம்பாசடரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கே கிடையாதே! மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியிலிருந்து அப்படியே வந்த டார்ஷன் பார் அது. நீளமான எஃகுத் தண்டு, முறுகி முறுகித் திரும்பும். அதை இறக்கியவர் சுருள் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசுவது, வயலுக்கு மாடு கட்டி உழுதவன் யானையை அடக்குவேன் என்பது மாதிரி. அந்தக் காலத்தில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் வைத்து நம் ஊர்ச் சாலையில் ஓடிய கார் என்றால் ஃபியட், பிறகு அதுவே பெயர் மாறி வந்த பிரீமியர் பத்மினி. அவற்றை வைத்திருந்தவர்கள் வக்கீலும் டாக்டரும். அவர்கள் ஸ்பேனரைக் கையால் தொட்டதில்லை.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. அதோடு வந்ததுதான் இந்த ஸ்ட்ரட். மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்க இன்ஜினியரின் யோசனை. 1950-லேயே இங்கிலாந்தில் ஃபோர்டு கான்சல் காரில் வந்துவிட்டது, நம்மிடம் வந்து சேர முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் தனித்தனியாக இல்லாமல், ஷாக்கின் உடம்பைச் சுற்றியே ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். கீழே ஒரு கிண்ணம், மேலே ஒரு கிண்ணம். மேல் கிண்ணத்தை ஷாக்கின் தண்டோடு பிடித்திருப்பது ஒரே ஒரு நட். பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் மேடாகத் தெரியுமே, அதன் நடுவில் இருக்கிறது. பார்த்தால் சாதுவாக இருக்கும்.

அந்த நட்டின் குணத்தைத்தான் நான் சொல்ல வேண்டும். காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டால், பட்டையில் பழகிய நம் புத்தி, 'பாரம் எடுத்தாச்சு, ஸ்பிரிங் இப்ப சும்மா இருக்கு' என்று நினைக்கும். சும்மா இல்லை. ஷாக்கின் தண்டு முழுக்க நீண்ட பிறகும் ஸ்பிரிங்குக்கு இன்னும் விரிய ஆசை இருக்கிறது. விரியவிடாமல் அதைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒற்றை நட். அதைத் தளர்த்துகிறவனுடைய முகம் எங்கே இருக்கும்? நட்டுக்கு நேரே, ஒரு முழ தூரத்தில்.

கணக்கு போட்டுப் பார்ப்போம், பள்ளிக்கூடக் கணக்குதான். மாருதி 800 சுமார் 650 கிலோ. இன்ஜின் முன்னால் இருப்பதால் எடையில் பாதிக்கு மேல் முன்சக்கரங்களில். ஆள் ஏறுவதற்கு முன்பே ஒரு முன் ஸ்பிரிங் ஏறத்தாழ 200 கிலோவைத் தாங்கி நிற்கிறது. ஒரு ஸ்பிரிங்கை 10 சென்டிமீட்டர் அமுக்க 200 கிலோ விசை வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் அடைந்து கிடக்கும் சக்தி, 10 கிலோ எடைக்கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். எடைக்கல்லாவது கீழ்நோக்கித்தான் விழும், காலை நகர்த்திக்கொள்ளலாம். இது எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது. இதை ஒரு நைலான் கயிறு பிடித்துக்கொள்ளும் என்று நம்புகிறோம். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட ஊர் இது. கயிறு என்றால் உலகத்தில் எவன் யோசிக்காவிட்டாலும் கயத்தாறுக்காரன் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

கயிறு வழுக்கும், முடிச்சு நழுவும். கட்டுக்கம்பியோ சுருளின் வளைவில் அறுபட்டுத் தெறிக்கும். ஸ்பிரிங் நேராகவும் அமுங்காது, வில் மாதிரி ஒரு பக்கம் பிதுங்கி நிற்கும். பிதுங்கிய பக்கம்தான் பாயும்.

இன்னொன்று, நம் மண். கயத்தாறு கரிசல் பூமி. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், ஒரு தூறல் விழுந்தால் களியாகிவிடும். இந்த மண்ணில் ஜாக்கியை நட்டு வைத்துவிட்டு, வண்டி அடியில் தலையைக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காலையில் உயரமாக நின்ற ஜாக்கி மத்தியானத்துக்குள் நாலு விரல் இறங்கியிருக்கும். கீழே பலகை கிடையாது, பக்கத்தில் ஸ்டாண்ட் கிடையாது, பின்சக்கரத்துக்கு ஒரு கல் கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். கேட்டால், "ஒண்ணும் ஆகாது சார், அஞ்சு நிமிஷ வேல."

'அந்தக் காலத்தில் ஒன்றும் இல்லாமல் செய்தார்கள்' என்பதற்கு வருகிறேன். இதை எங்கே கேட்டாலும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இது நம் முன்னோர்களுக்கே செய்கிற அவமரியாதை. எந்த வேலைக்காரன் ஒன்றும் இல்லாமல் செய்தான்? எங்கள் தெருவில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டுவதைச் சின்ன வயதில் நின்று பார்த்திருக்கிறேன். எரு மூட்டத்தில் பட்டையைச் சுற்றி நெருப்புப் போட்டு, அது பழுத்த பிறகு நாலு பேர் நீளக் குறடு வைத்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் குறடு வேறு எந்த வேலைக்கும் ஆகாது, அதற்கென்றே அடித்தது. தண்ணீர்க் குடத்தோடு இரண்டு பேர் தயாராக நிற்பார்கள். சின்னப் பையன்களை ஆசாரி விரட்டி விடுவார். குறடு இல்லாமல் துணியைச் சுற்றிக்கொண்டு தூக்கலாம் என்று எந்த ஆசாரியும் சொன்னதில்லை.

நம் கடற்கரையில் முத்துக்குளித்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்புத் துணியோடு கடலில் குதித்தார்கள் என்று கதை சொல்கிறோம். அவர்களிடம் காலில் கொடுத்து இறங்க ஒரு கல் இருந்தது, சிப்பி போடக் கூடை இருந்தது, கயிறு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, படகில் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசைவு பார்த்து மேலே இழுக்க ஓர் ஆள் இருந்தான். அந்த ஆளை நம்பித்தான் கீழே போனார்கள். அது கருவி இல்லாத தொழிலா? ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்கான கருவியும் முறையும் இருந்தன. தொழில் தெரியாத நாம் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லாமல்' என்கிறோம்.

இன்றைக்கு ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. அன்றைக்கு டீக்கடையில் சத்தமாகச் சிரித்தவருடைய பேரன் அதில்தான் வேலை பார்க்கிறான். பெல்ட் மாட்டாமல் ஏறினால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பேரனுக்குப் பெல்ட் வேண்டும், பட்டறைப் பையனுக்குக் கயிறு போதும் போலிருக்கிறது.

இப்போது டீக்கடையில் சொல்ல முடியாததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கம்பி கட்டுகிற வித்தையை நானும் செய்திருக்கிறேன். செய்ததோடு நிற்கவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் பயிற்சிக்கு ஒரு பழைய ஃபியட் உண்டு. ஸ்பிரிங் கம்ப்ரஸர் கிடையாது. வாங்கித் தரச் சொல்லி மூன்று வருஷம் எழுதினேன், மூன்று வருஷமும் நிதி இல்லை என்று பதில். நாலாவது வருஷம் நான் எழுதவே இல்லை. அதற்குள் கருவி இல்லாமலே செய்ய ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். வண்டி தரையில் நிற்கும்போதே, எடையில் ஸ்பிரிங் அமுங்கி இருக்கும்போதே, சுருள்களைக் கட்டுக்கம்பியால் மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டுவது. பிறகு கீழ்க் கைக்கு ஜாக்கி கொடுத்து மெதுவாக இறக்குவது. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். "எங்க சார் கம்பிய வச்சே இறக்கிருவாரு" என்று வெளியே போய்ச் சொல்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ரொம்பவும் பிடித்திருந்தது.

1993-ல் படித்து முடித்துப் போன பையன் ஒருவன், பெயர் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறை ஒன்றில் சேர்ந்தான். கெட்டிக்காரன். 1996-ல் ஒரு மாருதி வேனின் ஸ்ட்ரட்டைக் கழற்றி எடுத்து, வைஸில் மாட்டி, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே கம்பி கட்டி, நடு நட்டைத் தளர்த்தியிருக்கிறான். ஃபியட்டில் ஸ்பிரிங் கைக்கும் சேஸிஸுக்கும் நடுவே கூண்டுக்குள் இருந்தது. இதில் வெட்டவெளியில் நிற்கிறது. ஃபியட்டில் ஜாக்கி மெதுவாக விட்டுக்கொடுத்தது, இதில் கடைசி மரை கழன்றதும் மிச்சம் ஒன்றும் இல்லை. ஒரு வண்டிக்குச் சொன்னதை இன்னொரு வண்டிக்குச் செய்யக்கூடாது என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்கே அன்றைக்கு அது உறைத்திருக்கவில்லை. கம்பி நழுவி, மேல் கிண்ணம் பறந்து வந்து கன்னத்து எலும்பை உடைத்தது. வலது கண் போய்விட்டது.

திருநெல்வேலியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அவனுடைய அம்மா வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "சார் சொல்லிக் குடுத்த மாதிரியேதான் செஞ்சானாம் சார்." குற்றம் சொல்லவில்லை. தன் மகன் தவறாக எதுவும் செய்துவிடவில்லை, வாத்தியார் சொன்னபடி ஒழுங்காகத்தான் செய்தான் என்று எனக்கு உறுதி கொடுத்தார். மூன்று பேர் வேலை பார்க்கிற பட்டறையில் ஈ.எஸ்.ஐ. ஏது, நஷ்டஈடு ஏது. பட்டறைக்காரர் ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பங்கு கொடுத்தார் என்று கேள்வி. நான் திரும்பி வந்த மறுநாள் என் சொந்தக் காசில் மதுரையிலிருந்து ஒரு ஜோடி கம்ப்ரஸர் வாங்கி வந்தேன். ஒரு டயர் விலைகூட ஆகவில்லை. ஒரு டயர் விலை!

ஆகவே, "முப்பது தடவ செஞ்சிருக்கேன், ஒண்ணும் ஆகலையே" என்று யாராவது சொன்னால் எனக்குப் பதில் தெரியும். நானும் இருபது தடவைக்கு மேல் செய்தேன், எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாதவர்கள்தான் டீக்கடையில் உட்கார்ந்து கதை சொல்கிறோம். ஆனவன் வந்து சொல்வதில்லை. போனில் எட்டு நிமிஷப் படம் எடுத்துப் போடுவதும் ஒன்றும் ஆகாதவன்தான்.

அண்ணாச்சியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு ஸ்பிரிங் ஒடிந்ததற்கு ஸ்ட்ரட், ரப்பர், பேரிங் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று ஒரு நீளமான பில்லை நீட்டுகிற இடங்கள் இருக்கின்றன. பென்ஷனில் ஓட்டுகிறவன் அதைப் பார்த்துத்தான் கயிற்றைத் தேடுகிறான். இன்னும் சிலர் ஸ்பிரிங்கையே மாற்றாமல், தொய்ந்த சுருளுக்கு நடுவே ரப்பர் கட்டையைச் செருகி அனுப்புகிறார்கள். கேஸ் வெல்டிங் நெருப்பில் ஸ்பிரிங்கைக் காட்டி நிமிர்த்துகிற மேதைகளும் உண்டு. நெருப்பில் காட்டினால் எஃகின் பதம் போய்விடும் என்று எந்தக் கொல்லனைக் கேட்டாலும் சொல்வான். நிமிர்ந்த மாதிரி இருக்கும், இரண்டு மாதத்தில் உட்காரும், அல்லது ஒடியும்.

இதற்கு நடுவே ஒரு வழி இருக்கிறது. ஸ்ட்ரட்டை மொத்தமாக, ஸ்பிரிங்கோடு சேர்த்தே வண்டியிலிருந்து இறக்குவதற்கு எந்தத் தனிக் கருவியும் வேண்டாம். சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். பிரேக் ஹோஸ் ஸ்ட்ரட்டில் பிடித்திருக்கும் இடத்தை விடுவியுங்கள், ஹோஸ் இழுபடக் கூடாது. கீழே நக்கிளில் பிடித்திருக்கும் போல்ட்டுகள், மேலே பானெட்டுக்குள் மேட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன நட்டுகள், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடக்கூடாது. அதைத் தொடாதவரை ஸ்பிரிங் தன் கூண்டுக்குள் பத்திரமாக இருக்கும், மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில்கூடப் போகலாம். அந்த ஸ்ட்ரட்டைச் சாக்கில் போட்டுக்கொண்டு, திருநெல்வேலியிலோ கோவில்பட்டியிலோ பெஞ்சில் பதித்த கம்ப்ரஸர் வைத்திருக்கிற பட்டறைக்குப் போனால் அரை மணி நேர வேலை. முக்கால் வேலையை நாம் செய்துவிட்டதால் கூலியும் குறைவு. ஒடிந்தது ஒரு பக்கம்தான் என்றாலும் இரண்டு பக்கமும் புதிது போட வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மாட்டி முடித்ததும் அலைன்மென்ட் பார்த்துவிட வேண்டும்.

கம்ப்ரஸர் வாங்கியே தீருவேன் என்பவருக்கும் ஒரு வார்த்தை. கொக்கி மாதிரி இருக்கிற ஜோடி அது. இரண்டையும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கத்தில் மாட்டி, இதில் நாலு சுற்று, அதில் நாலு சுற்று என்று மாறி மாறி இறுக்க வேண்டும். ஒரு பக்கமே இறுக்கிக்கொண்டு போனால் அதுவும் கயிறு மாதிரிதான். முகம் ஒருபோதும் ஸ்பிரிங்கின் முனைக்கு நேரே இருக்கக் கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிற கொக்கி வளைந்துபோகும், அதற்குப் பட்டறையே மேல்.

மறுநாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போய் இவ்வளவையும் சொன்னேன், அந்தப் பையன் கதையை மட்டும் விட்டுவிட்டு. அரை மனதாகச் சரி என்றார். வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ஸ்பிரிங் வாங்கக் கோவில்பட்டிக்குப் போனோம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் அங்கே நிறைய உண்டு. நான் எப்போதும் வாங்குகிற கடைக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரன் எழுந்து நின்று, "வாங்க சார்" என்றான். ஐம்பது வயதுக்கு மேல் ஆகியும் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பதை விடவில்லை. ஒரு பக்கம் கறுத்த கண்ணாடி. அண்ணாச்சி வண்டியையும் வருஷத்தையும் சொன்னார். உள்ளே போய் இரண்டு ஸ்பிரிங்கைக் கொண்டு வந்தான், ஆனால் கவுண்டரில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்:

"எந்தப் பட்டறையில மாட்டுதிய அண்ணாச்சி?"

"வீட்டுலதான் தம்பி. சார் கூட இருக்காவள்லா."

அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன், "ஸ்ட்ரட்ட இறக்குறது மட்டும்தான்ப்பா வீட்டுல. ஸ்பிரிங்க திருநெல்வேலிக்குக் கொண்டு போயி பட்டறையிலதான் மாத்தப் போறோம்."

"கம்ப்ரஸர் இருக்கிற பட்டறையா சார்?"

"ஆமா."

ஸ்பிரிங் இரண்டையும் கவுண்டரில் வைத்தான். பில் எழுதினான். அண்ணாச்சி ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பார்த்தார், குறைக்கவில்லை. சாக்கில் கட்டிக் கொடுத்துவிட்டு, கடைப் படி வரை கூடவே வந்தான்.

"நடு நட்ட மட்டும் தொட்டுராதிங்க சார்."

"சரிப்பா" என்றேன்.